நெட்டுக்குப்பத்தில் பேசாமல் இருந்த வாரம்

இதை எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பத்தாவது வரைதான் படித்தவள். எழுதிப் பழகியதெல்லாம் பால்வாடிக் கரும்பலகையில் ஒரு அ, பக்கத்தில் ஒரு அணில். ஒரு ஆ, பக்கத்தில் ஒரு ஆடு. என் அணிலைப் பார்த்துப் பிள்ளைகள் பூனை என்பார்கள். நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைச் சொல்வதற்கே எனக்கு வியர்த்துவிடும். அப்படிப்பட்டவள் நாலு பேர் படிக்க எழுதலாமா என்று நானே பலமுறை கேட்டுக்கொண்டேன். ஆனால் பேசக் கூடாது என்று இருந்த அந்த ஒரு வாரத்தில் எனக்குள் சேர்ந்த பேச்சு இன்னும் கரையாமல் கிடக்கிறது. அதை இறக்கி வைக்க வேறு இடம் தெரியவில்லை.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில், கீழ்த்தளத்தில் இருக்கிறது எங்கள் பால்வாடி. ஒரு பக்கம் தண்ணீர் மோட்டார், ஒரு பக்கம் வெல்டிங் பட்டறை, வாசலில் ஆட்டோ ஸ்டாண்டு. இத்தனை சத்தத்துக்கும் மேலே ஏறி என் பாட்டு கேட்கும். மூன்றாவது மாடியில் சமைத்துக்கொண்டிருக்கும் பெண்கள், "டீச்சர் பாட ஆரம்பிச்சுட்ச்சு, மணி பத்தாய்ட்ச்சு" என்பார்களாம். அதே பெண்கள் பிள்ளையை அழைத்துப்போக வரும்போது என் குரல் தொண்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். தலையை மட்டும் ஆட்டுவேன். பிள்ளைகளுக்கு முன்னால் இருப்பவள்தான் நான். மற்ற நேரத்தில் என் புடவையைக் கட்டிக்கொண்டு நடமாடுவது வேறு யாரோ.

இந்தக் கோடையில் அந்தக் குரல் உடைந்தது. முதலில் கரகரப்பு, பிறகு பாதிப் பாட்டில் வெறும் காற்று. பெரியாஸ்பத்திரியில் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார் ஒரு பெண் டாக்டர்.

"செருப்பு கடிச்சா கால்ல காய்ப்பு காய்க்குது இல்லம்மா? அந்த மாதிரி உங்க தொண்டையில ரெண்டு பக்கமும் காச்சிருக்கு. கத்திக் கத்தித்தான். ஒரு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ரகசியம் பேசுற மாதிரிகூடக் கூடாது, அது இன்னும் கெடுதல். வந்து காட்டுங்க. வத்தலைன்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

"எடுத்தா பழைய கொரலு வருமாம்மா?"

"வரலாம்" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் கடைசியாகக் கேட்ட கேள்வி அதுதான். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

பால்வாடிக்கு அப்போது கோடை விடுமுறை. குடியிருப்பில் இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. படியில் ஏறுகிற பிள்ளைகள் எல்லாம் "டீச்சர், டீச்சர்" என்று வந்து புடவையைப் பிடிக்கும். அதனால் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிற இடத்துக்கு வேலைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் கூட்டிவர வேண்டும். வீட்டு மாடியையும் அவர்களுக்குத்தான் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

என்னை வாசலில் பார்த்ததும் தங்கை தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "எங்க அக்கா ஒரு வாரம் பேசக் கூடாதாம். டாக்டர் சீட்டே குடுத்துட்டாரு. பொறந்ததுலேர்ந்து அது பேசாமதான் கீது, இப்போதான் அதுக்கு கவர்மென்ட்டு முத்திரை வுழுந்துகீது!"

எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்: "அப்போ வூட்ல சண்ட வந்தா இன்னா பண்ணும்?"

"அதுக்கும் சேத்து நானே போட்டுக்குவேன், நீ கவலப்படாத."

அந்தத் தெரு ஒரு விசித்திரமான தெரு. ஒரு முனையில் கடல். கடலுக்கு முன்னால் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். அதற்கு வடக்கே கொஞ்சம் மணல், பிறகு ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். மறுமுனையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். நடுவே மீன்காரர்களின் வீடுகளும், அவற்றின் மாடிகளில் வெளிநாட்டுக்காரர்களும். பிலிப்பைன்ஸ், ரஷ்யா, கொரியா என்று தங்கை விரல் மடக்குவாள். மொட்டைமாடிக் கொடிகளில் மீன்காரரின் கைலியும் ரஷ்யாக்காரரின் பூப்போட்ட அரைக்கால் சட்டையும் ஒரே காற்றில் ஆடும். மாலையில் அவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கடலைப் பார்ப்பார்கள். டீக்கடைக்காரர் பால் ஊற்றாத காப்பி போடக் கற்றுக்கொண்டிருந்தார். போட்டுக் கொடுத்துவிட்டு, "சீக்கு வந்தவனாட்டம் இத்தப் போயி குடிக்கிறான்பாரு" என்று என்னிடம் மட்டும் சொல்வார். நான் பதில் சொல்ல மாட்டேன் என்பது அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. தன் மருமகளைப் பற்றிய கதை முழுவதையும் என்னிடம் சொல்லி முடித்தார்.

உண்மையில் அந்த வாரம் எல்லோரும் என்னிடம் பேசினார்கள். பேசாத ஒருத்தி கிடைத்தால் ஜனங்கள் இப்படிக் கொட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கல்லின் மேல் உட்கார்ந்திருப்பேன். வெயிலுக்குத் தலையில் தங்கை வீட்டுக்காரரின் சிவப்புத் துண்டு. மீன்பிடித் தடைக்காலம் அது. பெரிய விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடந்தன. கடலில் சின்ன ஃபைபர் படகுகள் மட்டும் எப்போதாவது போகும். அதனால் கடலே விடுமுறையில் இருப்பதுபோல் இருந்தது. தண்ணீரின் நிறம் மதியத்துக்கு மேல் ஈயமாகும், பிறகு பாலில் சாம்பல் கலந்ததுபோல் ஆகும். தூரத்தில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கப்பல்கள் நகராமல் நிற்கும். கொஞ்ச நேரம் கண்ணை மூடித் திறந்தால் ஒன்று காணாமல் போயிருக்கும். புகைபோக்கியிலிருந்து வரும் புகை, மேகத்தோடு சேர்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும். என் தொண்டைக்குள் இருக்கும் இரண்டு காய்ப்புகளை நினைத்துக்கொள்வேன். இந்த உப்புக்காற்றில் அவை கரைந்துகொண்டிருக்கின்றன என்று சில நேரம் தோன்றும். சில நேரம், சும்மா நினைத்துக்கொள்கிறாய் என்று தோன்றும். எச்சில் விழுங்கி விழுங்கிப் பார்ப்பேன். அதில் ஒன்றும் தெரியாது.

மாடியில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர்தான் என்னோடு அதிகம் உட்கார்ந்தவர். வெல்டர். முப்பது வயது இருக்கும். அவர் வேலை செய்ய வேண்டிய கப்பல் இன்னும் வந்து சேரவில்லையாம், அந்த வாரம் முழுக்க சும்மா இருந்தார். என்னை "ஆத்தே" என்று கூப்பிட்டார். அவர்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவர் மனைவிக்கு ஊரில் நிறைமாதம், தலைப்பிள்ளை. இதையெல்லாம் தங்கைதான் எனக்குச் சொன்னாள். அவர் எனக்குக் கையாலேயே சொன்னார்: வயிற்றுக்கு முன்னால் ஒரு பெரிய வளைவு, பிறகு வானத்தைப் பார்த்து ஒரு சிலுவை. மொழி தெரியாதவரும் பேசக் கூடாதவளும் உட்கார்ந்தால் நன்றாகத்தான் பொழுது போகிறது. அவர் ஒரு சங்கைக் காட்டுவார், நான் ஒரு நண்டைக் காட்டுவேன். நேரம் எங்கே போகிறது என்று தெரியாது.

முகத்துவாரத்துக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அவருக்கு அதில் ஆசை வந்துவிட்டது. பிடிக்கிறவர்களோடு தினமும் இறங்கினார். தண்ணீரில் போனை எடுத்துப்போக முடியாதே, அதை என்னிடம் கொடுத்துவிடுவார். கொடுக்கும்போது இரண்டு கையையும் கூப்புவார். மணி அடித்தால் கூப்பிட வேண்டும் என்று அர்த்தம். நானும் சரி என்று தலையை ஆட்டிவிடுவேன். எப்படிக் கூப்பிடுவேன் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் கரையில் பெரிய வலை போடுவார்கள். படகு வலையை அரைவட்டமாகக் கடலில் இறக்கும். வலையின் இரண்டு கயிறும் கரைக்கு வரும், ஆட்கள் நின்று இழுப்பார்கள். மீன் கூட்டம் எங்கே திரும்புகிறது என்பது படகில் இருப்பவனுக்குச் சரியாகத் தெரியாதாம்; உயரத்தில் நிற்பவன் கண்ணுக்குத்தான் தண்ணீரில் அந்தக் கறுப்பு தெரியுமாம். அதனால் கல்லின் மேல் ஒருவன் நின்று துண்டை வீசுவான். துண்டு எந்தப் பக்கமோ படகு அந்தப் பக்கம். வீசியவன் வலை கரை ஏறும்வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது. அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. இதைத் தங்கை வீட்டுக்காரர் போன முதல் மாலையே எனக்குச் சொன்னார். நான் கேட்டேன். கேட்டுவிட்டு மறந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை அது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பிலிப்பைன்ஸ்காரர் தூரத்தில், முகத்துவாரத்தில் இறாலுக்குக் குனிந்திருந்தார். நான் மடியில் போனை வைத்துக்கொண்டு, அரைத் தூக்கத்தில், பால்வாடியில் இருப்பதுபோல் ஏதோ கனவில் இருந்தேன். மடி நடுங்கியது. போன்.

அழுத்தினேன். ஒரு வயதான பெண்ணின் முகம். பின்னால் பச்சைச் சுவர், ஆஸ்பத்திரி மாதிரி. படபடவென்று ஏதோ சொன்னாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, பிறகு இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தேன். அந்தக் குரல், மோட்டாருக்கும் பட்டறைக்கும் மேலே ஏறுகிற அந்தக் குரல், உதட்டு வாசல்வரை வந்து நின்றது. ஒரு கத்தல் போதும், அவர் திரும்பிவிடுவார். ஆனால் அந்த ஒரு கத்தலில் நாளைக்கு என்ன போகும் என்பதும் எனக்குத் தெரியும். 'வரலாம்' என்ற அந்த டாக்டரின் பாராத முகம் நினைவுக்கு வந்தது. வாயை மூடினேன். தலையிலிருந்து துண்டை உருவி, இருந்ததிலேயே உயரமான கல்லின் மேல் ஏறி, முகத்துவாரத்தைப் பார்த்து என் பலம் முழுவதையும் சேர்த்து வீசினேன்.

அவர் திரும்பவில்லை. படகு திரும்பியது.

கடலில் சும்மா நின்றிருந்த ஃபைபர் படகு ஒன்று எஞ்சினைப் போட்டு, வடக்கே வளைந்தது. வலை தண்ணீரில் இறங்கியது. கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டை அப்படியே மணலில் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். சந்திலிருந்து பெண்கள் அன்னக்கூடைகளோடு வந்தார்கள். என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்கடி மீனு? எந்தப் பக்கம்?" என்று கீழேயிருந்து ஒருத்தி கத்தினாள்.

"யாரு கை காட்னது? எவன்பா அது?"

"எவன் இல்லடா, எவ! வேன்காரரு மச்சினிச்சி!"

"இன்னாக்கா, ஒரு வாரமா கடலப் பாத்துகினு கல்லாட்டம் குந்திகினு இருந்த, இப்ப இன்னாத்தப் பாத்த?"

நான் ஒரு கையில் துண்டும் ஒரு கையில் போனுமாக நின்றேன். போனில் அந்த வயதான பெண் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். கீழே இருந்தவர்களுக்கும் அவளுக்கும் சேர்த்துத் தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன்.

"தலைய ஆட்டுது பாரு, வடக்காலயாம்!" என்று ஒருவன் கத்த, படகு இன்னும் கொஞ்சம் வடக்கே போனது.

நகரவும் முடியாது. நகர்ந்தால் மீன் கலைந்தது என்னால்தான் என்று ஆகிவிடும். தங்கை வீட்டிலிருந்து ஓடிவந்தாள். கூட்டத்தையும் என்னையும் பார்த்து அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. போனை அவளிடம் நீட்டினேன். பார்த்தாள். முகத்துவாரத்தைப் பார்த்தாள். பிறகு எனக்கும் சேர்த்து அவளே கத்தினாள்: "யோவ் தம்பீ! போனு! வூட்லேர்ந்து போனு!" அவள் குரலும் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் கரையில் இவ்வளவு கூட்டம் ஓடுவதைப் பார்த்து யாரோ மூழ்கிவிட்டார்கள் என்று பயந்து, அவரே சேறும் தண்ணீருமாக ஓடிவந்துகொண்டிருந்தார்.

போனை வாங்கினார். பார்த்தார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். போனில் ஒரு வெள்ளைத் துணிச் சுருள். அதற்குள் மூடிய கண்கள்.

"பொண்ணாம்" என்றாள் தங்கை, அவர் காதைத் தொட்டுத் தோடுபோல் விரலால் காட்டியதைப் புரிந்துகொண்டு. கூட்டம் போனை எட்டிப் பார்த்தது. பிறகு ஒருவன் கேட்டான்: "அப்ப மீனு?"

தங்கை நடந்ததைச் சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நல்ல திட்டு விழும் என்று காத்திருந்தேன். படகுக்குச் சொந்தக்காரர், பெரிய மீசைக்காரர், கயிற்றின் நுனியோடு கரையில் நின்றவர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நைனா, வலைய எறக்கியாச்சி. இனிமே இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா. இழுங்க! பொம்பளப் புள்ள பொறந்துகீது, சும்மாவா கெடக்கும் கடலு?"

எல்லோரும் கயிற்றைப் பிடித்தார்கள். சேற்றைக் கழுவாமல் பிலிப்பைன்ஸ்காரரும் பிடித்தார். போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்தார், அங்கே இருப்பவர்கள் பார்க்கட்டும் என்று. நாற்காலியில் இருந்த ரஷ்யாக்காரர்கள் எழுந்துவந்து பிடித்தார்கள். தங்கை என்னையும் இழுத்து நிறுத்தினாள். கை காட்டினவள் கயிறு இழுக்கலாம், தடையில்லை என்று மீசைக்காரரே சொல்லிவிட்டார். ஈரக் கயிறு. உள்ளங்கை எரிந்தது. ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாடினார்கள். அந்தச் சத்தம் என் காலிலிருந்து ஏறியது. பத்து மணிக்குப் பிள்ளைகளோடு பாட எழுந்திருக்கும்போது ஏறுமே, அதேபோல். தொண்டை தானாகத் திறந்தது. நான் துண்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். உப்புத் துணி. அதைக் கடித்துக்கொண்டே இழுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் இழுத்த பெண் பார்த்துவிட்டு, "அழாதக்கா, யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

வலை வந்தது. கொழகொழவென்ற சொறிமீன் பாதி, பிளாஸ்டிக் பை கொஞ்சம், நடுவில் வெள்ளிக்காசு கொட்டினதுபோல் காரப்பொடி என்கிற சின்ன மீன். பெரிய வேட்டை இல்லை. ஆனால் கயிறு பிடித்த எல்லார் வீட்டுக் குழம்புக்கும் ஆகும். மீசைக்காரர் இரண்டு கையாலும் அள்ளி என் முந்தானையில் போட்டார்.

"கை காட்னவ பங்கு. அடுத்தவாட்டி புள்ள பொறந்தா பச்சத் துண்டு வீசு, மீனுக்கு மட்டும் செவப்பு. இன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சத்தமில்லாமல். சத்தமில்லாமல் சிரித்தால் வயிறு வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் பிலிப்பைன்ஸ்காரர் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அக்கா பிள்ளைகளுக்குப் பாடுகிறவள் என்று தங்கை எப்போதோ சொல்லியிருக்கிறாள். போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, "ஆத்தே" என்று தன் வாய்க்கு முன்னால் விரல்களை விரித்துக் காட்டினார். பாடச் சொன்னார். அந்தத் துணிச் சுருளுக்குள் ஒரு உதடு அசைந்தது. எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடியிருக்கிறேன். இவ்வளவு தூரத்தில், இவ்வளவு புதிதாக ஒரு பிள்ளைக்கு இல்லை. நான் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினேன். பிறகு வேறு என்ன செய்வது என்று தெரியாமல், மீன் வாசனையோடு இருந்த அந்தத் துண்டை, மெதுவாக, இடமும் வலமுமாக அதற்கு வீசிக் காட்டினேன். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. அதன் தாய், பக்கத்துப் படுக்கையிலிருந்து என்று நினைக்கிறேன், ஒரு கையைத் தூக்கிப் பதிலுக்கு வீசினாள்.

வெளிச்சம் மங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மாடியிலிருந்து இறங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். டீக்கடைக்காரர் யாருக்கும் காசு கேட்காமல் பால் ஊற்றாத காப்பி கொண்டுவந்து கொடுத்தார். எனக்கும் ஒன்று. கசந்தது. கடல் மேலே ஒரு கப்பல் விளக்கைப் போட்டது, பிறகு இன்னொன்று. தங்கை வீட்டு மாடியில் காரப்பொடி வறுபடும் வாசனை வந்தது. நாளைக்கு ஆஸ்பத்திரியில் என்ன சொல்வார்களோ என்ற பயம் மட்டும், அந்தத் தண்ணீரின் ஓரம்போல், வருவதும் போவதுமாக இருந்தது.

மறுநாள் காலை வேனிலேயே பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மறுபடியும் குழாயை விட்டுப் பார்த்தார். காய்ப்பு பாதி வற்றியிருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மெதுவாகப் பேசலாம், ஆனால் இனிமேல் கத்திக் கூப்பிடவோ சத்தமாகப் பாடவோ கூடாது என்றார். சரிங்கம்மா என்றேன். திரும்பும் வழியில் வண்ணாரப்பேட்டையில் இறங்கி, பால்வாடிக்கு ஒரு சிவப்புத் துண்டு வாங்கினேன்.